தைப்பூசக் கையேட்டை வரி பிசகாமல் வடிவமைக்க: கிரிட் பற்றி ஒரு தொடக்க வழிகாட்டி

மொரீஷியஸில் தைப்பூசக் காவடி நெருங்கும்போது கோயில் கையேடு தயாரிக்கும் பொறுப்பு பெரும்பாலும் கணினி தெரிந்த ஓர் இளைஞரிடம் வந்து சேர்கிறது. கொடியேற்றத்திலிருந்து காவடி நாள்வரைக்குமான நிகழ்ச்சி நிரல், முருகன் பாடல்கள், நன்கொடையாளர் பெயர்கள் எல்லாம் அதில் இடம்பெற வேண்டும். பாடல் பக்கம்தான் கடினமானது. ஒரே பாட்டு தமிழ் எழுத்தில் ஒருமுறை, அதைப் படிக்கத் தெரியாத பக்தர்களுக்காக ரோமன் எழுத்தில் இன்னொரு முறை, கீழே பிரெஞ்சில் பொருள். இந்த மூன்றும் ஒன்றோடொன்று நேராக நிற்காவிட்டால், பக்கம் அழகற்றுப் போவதோடு, பாடுகிறவர்களுக்குப் பாட்டும் தவறிவிடும். அப்படி நேராக நிறுத்துவதற்கு இருக்கும் கருவிதான் கிரிட், அதாவது திரையில் மட்டும் தெரியும் வழிகாட்டிக் கோடுகளின் கட்டம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிரிட்டைத் தமிழ் எழுத்திலிருந்து கணக்கிடத் தொடங்குங்கள். மென்பொருள் தானாகக் கொடுக்கும் அளவுகள் எல்லாம் ரோமன் எழுத்தை மனத்தில் வைத்தவை. பிரெஞ்சுக்குப் பக்கம் போட்டுவிட்டு அதில் தமிழை நுழைத்தால் தமிழ் நெரிந்துதான் நிற்கும். தமிழுக்கு இடம் ஒதுக்கிவிட்டுப் பிரெஞ்சை உட்கார வைத்தால் இரண்டும் நன்றாக இருக்கும். இனி வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு கருத்தைச் செயல்படுத்தும் வழிகள்தான்.

எந்தக் கிரிட்?

பக்க வடிவமைப்பு மென்பொருளில் கிரிட்டைத் தேடும் புதியவர்கள் கண்ணில் முதலில் படக்கூடியது வரைபடத்தாள் போன்ற சதுரக் கட்டம். அது சின்னங்கள், படிவங்கள் வரைய உதவும். உரை அடுக்க அது வேண்டாம், அணைத்துவிடுங்கள். நமக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று, பக்கத்தை நெடுக்குப் பத்திகளாகவும் படுக்கை வரிசைகளாகவும் பிரிக்கும் வழிகாட்டிக் கோடுகள். மற்றொன்று, எழுத்துகள் உட்காரும் அடிக்கோடுகளைப் பக்கம் முழுவதும் ஒரே இடைவெளியில் வரைந்து காட்டும் பேஸ்லைன் கிரிட். இரண்டாவதுதான் முக்கியமானது. முதலாவதை அதற்குப் பொருந்துமாறு பிறகு அமைத்துக்கொள்ளலாம்.

பேஸ்லைன் கிரிட்டால் இன்னொரு பயனும் உண்டு. கையேடுகளைச் செலவு கருதி மெல்லிய தாளில் அச்சிடுகிறோம். பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் லேசாகத் தெரியும். இரு பக்கத்து வரிகளும் ஒரே மட்டத்தில் இருந்தால் பின்பக்க வரி முன்பக்க வரிக்குப் பின்னால் மறைந்துகொள்ளும். மட்டம் மாறினால், வரிகளுக்கு நடுவே இருக்கும் வெள்ளையில் வந்து கறை போல நிற்கும். வயதானவர்கள் படிக்கச் சிரமப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மென்பொருளும் எழுத்துருவும்

இலவசமாக வேண்டும் என்றால் ஸ்கிரைபஸ். ஆனால் 1.6 பதிப்போ அதற்குப் பிந்தியதோ இருக்கட்டும். பழைய 1.4 வரிசையில் தமிழ் உயிர்மெய்கள் சரியாகச் சேராது; ‘கொ’ என்று அடித்தால் கொம்பு இடம் மாறி நிற்கும். கட்டணம் செலுத்த முடிந்தவர்கள் இன்டிசைனைப் பயன்படுத்தலாம். அதிலும் பாரா அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுத்த பிறகே தமிழ் ஒழுங்காக வரும். கோயிலிலிருந்து வரும் பழைய கோப்பு பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருந்தால், வேறு எதைத் தொடுவதற்கும் முன்பு யூனிகோடாக மாற்றிக்கொள்ளுங்கள். பாதி வேலை முடிந்த பிறகு மாற்றினால் எல்லா வரியும் கலைந்துவிடும்.

எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், கேட்டமரன் மூன்றும் இலவசம், தரமானவை. ரோமன் பாடலுக்கு ழகரம், ணகரம், றகரம் ஆகியவற்றைக் காட்ட எழுத்துக்குக் கீழே கோடும் புள்ளியும் இட வேண்டியிருக்கும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் ரோமன் எழுத்துருவில் அவை எல்லாம் இருக்கின்றனவா என்று முன்னதாகவே அடித்துப் பாருங்கள். இல்லாத எழுத்துக்குப் பதிலாக மென்பொருள் வெற்றுப் பெட்டியைப் போடும். அல்லது வேறொரு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கும்.

முதல் படி: எழுத்தளவும் வரி இடைவெளியும்

இங்கே அவசரப்படாதீர்கள். ஒரு வெற்றுப் பக்கத்தில் உரைப்பெட்டி ஒன்றை வரைந்து, ரோமன் எழுத்தில் பெரிய ஹெச், சிறிய எக்ஸ், அவற்றை அடுத்து தமிழ் ‘ப’, ‘ட’ ஆகியவற்றை ஒரே வரியில் அடியுங்கள். திரையை நன்றாகப் பெரிதாக்குங்கள். ரோமன் எழுத்து 10.5 பாயிண்ட் (எழுத்தளவையும் வரி இடைவெளியையும் அளக்கும் அலகு) என்றால் தமிழை அதே அளவில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான எழுத்துருக்களில் ‘ப’ சற்றுப் பெரிதாக, தடித்துத் தெரியும். தமிழை அரை அரைப் பாயிண்டாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ‘ப’வின் உயரம் எக்ஸுக்குச் சற்று மேலாகவும் ஹெச்சுக்குச் சற்றுக் கீழாகவும் வரும் இடத்தில் நிறுத்துங்கள். நோட்டோ செரிஃப் தமிழுக்கு 9.5 அளவில் தொடங்கிப் பார்க்கலாம். எண் எதுவானாலும் கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவாகத் தெரிய வேண்டும். அதற்கு ‘ப’வும் ‘ட’வும்தான் நல்ல சோதனை: கால் நேராக, அடி தட்டையாக இருக்கும் எழுத்துகள் அவை.

அடுத்து வரி இடைவெளி. தமிழில் மேலே புள்ளியும் ‘ீ’யின் சுழியும் ஏறுகின்றன; கீழே ‘ழு’, ‘கூ’, ‘ளூ’, ‘ஸ்ரீ’ இறங்குகின்றன. ஒரு வரியின் வால் அடுத்த வரியின் தலையைத் தொடுவதுதான் தமிழ்ப் பக்கங்களில் அதிகம் காணும் குறை. அதைச் சோதிக்க இப்படி இரண்டு வரி அடியுங்கள்:

ஸ்ரீ எழுந்து கூடு ஆளூர்
மீன் வீடு தீ சீர்

மேல் வரியில் இறங்குபவை, கீழ் வரியில் ஏறுபவை. இடைவெளியை 12 பாயிண்டில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போங்கள். இரண்டுக்கும் நடுவே தெளிவான வெள்ளை தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். 9.5 அளவுத் தமிழுக்கு 14 பாயிண்ட் நன்றாக இருக்கும். பிரெஞ்சு மட்டும் என்றால் 13கூடப் போதும். ஆனால் பக்கம் இரண்டுக்கும் பொது, எனவே 14.

இந்த 14 என்ற எண்தான் இனி முழுக் கையேட்டையும் ஆளப்போகிறது.

இரண்டாம் படி: பக்கக் கணக்கு

கையேடு ஏ5 அளவு என்று வைத்துக்கொள்வோம்: 148 மி.மீ. அகலம், 210 மி.மீ. உயரம். உயரத்தைப் பாயிண்டில் சொன்னால் 595.28. மேல் ஓரம் 42 பாயிண்ட் வையுங்கள். அது மிகச் சரியாக மூன்று வரி. அதன் கீழே 35 வரி, அதாவது 490 பாயிண்ட். மீதம் 63.28 பாயிண்ட், அதாவது 22 மி.மீ.க்குச் சற்று மேல், கீழ் ஓரத்துக்கு. அங்கே பக்க எண் வரும்.

ஏன் 35? நான்கு படுக்கை வரிசைகள், ஒவ்வொன்றிலும் 8 வரி, வரிசைகளுக்கு நடுவே ஒரு வரி வெற்றிடம் என்றால் 32உம் 3உம் சேர்ந்து 35. மூன்று வரிசைகள் வேண்டும் என்றால் ஒவ்வொன்றும் 11 வரி, நடுவே மொத்தம் இரண்டு வெற்று வரி: அதுவும் 35. இப்படி இரு வழியிலும் வகுபடும் எண்ணை எடுத்துக்கொண்டால் படம் வைக்கும்போது தவிக்க வேண்டியதில்லை.

அகலத்தில் உள் ஓரம் 18 மி.மீ., வெளி ஓரம் 14 மி.மீ. மீதம் 116. இதை 6 சிறு பத்திகளாக, நடுவே 4 மி.மீ. இடைவெளியுடன் பிரித்தால் ஒவ்வொன்றும் 16 மி.மீ. பாடல் பக்கத்துக்கு மூன்று மூன்றாகச் சேர்த்தால் 56 மி.மீ. பத்திகள் இரண்டு. நிகழ்ச்சி நிரலுக்கு இரண்டும் நான்குமாகச் சேர்த்தால் நேரத்துக்கு 36, விவரத்துக்கு 76. நன்கொடையாளர் பெயர்களுக்கு இரண்டு இரண்டாக மூன்று பத்தி. ஒரே கட்டத்தில் எல்லாப் பக்கமும் அடங்கிவிடுகிறது.

தைத்து மடிக்கும் கையேடு என்றால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும் என்பதை இப்போதே நினைவில் வையுங்கள்.

மூன்றாம் படி: ஸ்கிரைபஸில் அமைத்தல்

புதிய ஆவணம் தொடங்கும்போது எதிரெதிர்ப் பக்கங்கள் என்பதைத் தேர்ந்தெடுத்து, மேலே கண்ட ஓரங்களைக் கொடுங்கள். அலகு பாயிண்டாக இருந்தாலும் பெட்டியில் எண்ணுடன் மில்லிமீட்டர் குறியையும் சேர்த்து அடித்தால் மென்பொருளே மாற்றிக்கொள்ளும்.

பிறகு ஃபைல் மெனுவில் ‘டாக்குமென்ட் செட்டப்’, அதில் ‘கைட்ஸ்’ பகுதி. பேஸ்லைன் கிரிட் இடைவெளியை 14 என்றும் தொடக்கத் தள்ளலை 0 என்றும் கொடுங்கள். மேல் ஓரத்தை மூன்று வரியாக வைத்ததால்தான் இந்த 0 சாத்தியமாகிறது: கோடுகள் தாளின் உச்சியிலிருந்து 14, 28, 42 என்று இறங்கி, முதல் உரை வரி 56இலும் கடைசி வரி 532இலும் உட்காரும். கோடுகள் கண்ணுக்குத் தெரிய வியூ மெனுவில் பேஸ்லைன் கிரிட்டைக் காட்டச் சொல்ல வேண்டும்.

பத்திக் கோடுகளுக்குப் பேஜ் மெனுவில் ‘மேனேஜ் கைட்ஸ்’. அங்கே பத்தி 6, இடைவெளி 4 மி.மீ.; வரிசை 4, இடைவெளி 14 பாயிண்ட். இவை ஓரங்களுக்கு உள்ளே கணக்கிடப்பட வேண்டும், முழுத் தாளுக்கு அல்ல. அதற்கான தேர்வு அங்கேயே இருக்கிறது, ‘மார்ஜின்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எல்லாப் பக்கங்களுக்கும் பொருத்தச் சொல்லிவிட்டு, பெட்டிகள் கோடுகளில் ஒட்டிக்கொள்ளும் ‘ஸ்னாப் டு கைட்ஸ்’ வசதியை இயக்குங்கள்.

இதுவரை கோடுகள் வந்திருக்கின்றனவே தவிர உரை அவற்றை மதிக்காது. புதியவர்கள் பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். கிரிட்டைக் காட்டுவது வேறு, உரையை அதில் பூட்டுவது வேறு. பூட்டுவதற்கு எடிட் மெனுவில் ‘ஸ்டைல்ஸ்’ சென்று, தமிழ் உரைக்கு ஒன்று, ரோமனுக்கு ஒன்று, பிரெஞ்சுக்கு ஒன்று என மூன்று பாரா ஸ்டைல்களை (எழுத்துரு, அளவு, இடைவெளி ஆகியவற்றை ஒரே பெயரில் சேர்த்து வைக்கும் அமைப்புகளை) உருவாக்குங்கள். மூன்றிலும் வரி இடைவெளி என்ற இடத்தில் ‘அலைன் டு பேஸ்லைன் கிரிட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மொழியையும் தனித்தனியாகக் குறியுங்கள். இல்லையென்றால் பிரெஞ்சுக்கான சொல் பிரிப்பு விதி தமிழின் மீது பாய்ந்துவிடும்.

இன்டிசைனில் இதே வேலை பிரிஃபரன்சஸில் ‘கிரிட்ஸ்’ பகுதியில் நடக்கிறது: தொடக்கம் 0, தாளின் உச்சியிலிருந்து, ஒவ்வொரு 14 பாயிண்டுக்கும். பத்திகளுக்கு லேஅவுட் மெனுவின் ‘கிரியேட் கைட்ஸ்’. அதைப் பேரண்ட் பக்கத்தில் செய்தால் எல்லாப் பக்கத்திலும் வரும். கோடுகளே தெரியவில்லை என்றால் பதற வேண்டாம். திரையின் பெருக்கம் 75 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அவை மறைந்திருக்கும்படிதான் மென்பொருளில் வைத்திருக்கிறார்கள்.

பாடல் பக்கம்

இடது மூன்று பத்தியில் ஓர் உரைப்பெட்டி, வலது மூன்று பத்தியில் ஒன்று. இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ரோமன். இரண்டின் மேல் விளிம்பும் ஒரே வரிசைக் கோட்டில் ஒட்டியிருக்கட்டும்.

56 மி.மீ. அகலத்தில் நான்கு சீர் கொண்ட அடி ஒன்று பல நேரங்களில் அடங்காது. மென்பொருளே மடிக்கட்டும் என்று விட்டால் தமிழ் மூன்றாம் சீரிலும் ரோமன் நான்காம் சீரிலும் மடியும். அதோடு இணை அறுந்துவிடும். ஆகவே நீங்களே மடியுங்கள். இரு எழுத்திலும் இரண்டாம் சீர் முடிந்ததும் ஷிஃப்ட்டும் என்டரும் சேர்த்து அழுத்துங்கள். வெறும் என்டர் அழுத்தினால் அது புதிய பாராவாகிவிடும். பாராவுக்கு முன் நீங்கள் வைத்த இடைவெளி நடுவே நுழையும். இப்படிச் செய்தால் ஓர் அடி இரு பக்கத்திலும் சரியாக இரண்டு வரி. நான்கடிப் பாட்டுக்கு எட்டு வரி. அதுவே நம் கட்டத்தின் ஒரு படுக்கை வரிசை! பொருளை அதற்கு அடுத்த வரிசையில் ஆறு பத்தி அகலத்துக்கும் விரித்துப் பிரெஞ்சில் போடலாம். ஒரு பக்கத்துக்கு இரண்டு பாட்டு, பொருளுடன், நெரிசல் இல்லாமல் நிற்கும்.

தமிழ்ப் பத்தியை இரு ஓரமும் சமமாக நீட்டாதீர்கள். இடப்பக்கம் மட்டும் நேராக இருக்கட்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் வரிக்கு மூன்று சொல்தான் கிடைக்கும், அவற்றுக்கு நடுவே பள்ளம் பள்ளமாக வெள்ளை விழும். உரைநடைப் பக்கத்தில் சமமாக நீட்டியே ஆக வேண்டும் என்றால், எழுத்துக்கு எழுத்து இடைவெளி கூட்டும் அமைப்பை 0 ஆக வைத்துவிடுங்கள். அது இயங்கினால் ‘கொ’வின் கொம்பும் காலும் ககரத்தை விட்டு விலகி நிற்கும், படிக்கவே முடியாது.

பிரெஞ்சில் கேள்விக்குறி, வியப்புக்குறி, முக்காற்புள்ளி ஆகியவற்றுக்கு முன்னால் சிறு இடைவெளி விடுவது மரபு. அங்கே பிரியாத இடைவெளியைப் பயன்படுத்துங்கள், குறி தனியாக அடுத்த வரிக்குப் போகாமல் இருக்கும். அந்தப் பழக்கத்தில் தமிழிலும் இடைவெளி விட்டுவிடக் கூடாது.

தலைப்பும் படமும்

தலைப்பு பெரிய எழுத்து. அதைக் கிரிட்டில் பூட்ட வேண்டாம். 18 பாயிண்ட் தலைப்புக்கு 28 பாயிண்ட் நிலையான வரி இடைவெளி, அதாவது இரண்டு வரி. தலைப்புக்கு முன் இடைவெளி 14. எப்போதும் 14இன் மடங்காகவே கொடுங்கள். பாராவுக்குப் பின் 3 பாயிண்ட் விட்டால், அடுத்த பாரா 3 பாயிண்ட் இறங்காது. கிரிட்டின் அடுத்த கோட்டுக்கு, அதாவது ஒரு முழு வரி தள்ளிப் போய்விடும். எங்கோ காரணமில்லாமல் ஒரு வரி வெறுமையாகத் தெரிந்தால், முதலில் பாரா இடைவெளிகளைப் பாருங்கள்.

படம் வைக்கும்போது கீழ் விளிம்பு எளிது: நம் கணக்கில் ஒவ்வொரு படுக்கை வரிசையின் அடியும் ஓர் அடிக்கோட்டிலேயே முடிகிறது, பெட்டி தானாக அங்கே ஒட்டும். மேல் விளிம்புதான் கவனம் கேட்கும். வரிசைக் கோட்டிலேயே படம் தொடங்கினால் பக்கத்தில் உள்ள உரையின் தலையை விட உயரமாக நிற்கும். பக்கத்து வரியில் ‘ப’ எங்கே தொடங்குகிறதோ அந்த மட்டத்துக்கு ஒரு வழிகாட்டிக் கோட்டை இழுத்து, படத்தின் மேல் விளிம்பை அங்கே இறக்குங்கள். புள்ளியின் உச்சியைக் கணக்கில் எடுக்க வேண்டாம். கண் பிடித்துக்கொள்வது எழுத்தின் உடலைத்தான். தேரின் படமோ கோபுரத்தின் படமோ, இந்தச் சில பாயிண்ட் இறக்கத்தில் பக்கம் சட்டென்று ஒழுங்குக்கு வருவதை நீங்களே பார்ப்பீர்கள்.

மொழிகளின் வரிசை

எந்த மொழி மேலே, எந்த மொழி கீழே என்பதைக் கிரிட் தீர்மானிக்காது. நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும், அதுவும் தொடக்கத்திலேயே. இந்தத் தீவில் அது சிறிய விஷயம் அல்ல. 1998இல் வெளியான புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழ் வரி தேவநாகரி வரிக்குக் கீழே இறக்கப்பட்டிருந்தது. தமிழர்கள் எதிர்த்தார்கள்; நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, தமிழ் பழைய இடத்துக்கு வந்த பிறகே மீண்டும் அச்சாயின. கையேட்டின் அட்டையிலும் நிகழ்ச்சி நிரலிலும் மொழி வரிசையைக் கோயில் நிர்வாகிகளிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, எல்லாப் பக்கத்திலும் அதையே கடைப்பிடியுங்கள்.

அச்சுக்கு முன்

பிடிஎஃப் எடுக்கும்போது கிரிட் கோடுகள் அதில் வராது, கவலை வேண்டாம். ஓரம்வரை செல்லும் படங்களுக்கு நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரு தாளை இருபுறமும் அச்சிட்டுப் பாருங்கள். அச்சுப்பொறி அமைப்பில் ‘தாளுக்குப் பொருத்து’ என்பதை எடுத்துவிட்டு 100 விழுக்காட்டில். சன்னல் வெளிச்சத்தில் தாளைப் பிடித்தால் இரு பக்கத்து வரிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். எல்லா வரியும் ஒரே அளவு விலகியிருந்தால் அது அச்சுப்பொறியின் பிசகு. சில வரிகள் மட்டும் விலகியிருந்தால், அந்த ஸ்டைல் இன்னும் கிரிட்டில் பூட்டப்படவில்லை.

கடைசியாக ஒரு சோதனை, இதை விட்டுவிடாதீர்கள். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடமும் ரோமன் மட்டும் படிப்பவரிடமும் பாடல் பக்கத்தைக் கொடுத்துச் சேர்ந்து பாடச் சொல்லுங்கள். ரோமன் படிப்பவர் விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே பென்சிலால் குறியுங்கள். அநேகமாக அந்த இடத்தில் ரோமன் வரி நீண்டு தானாக மடிந்திருக்கும். ரோமன் அளவை அரைப் பாயிண்ட் குறைத்துப் பாருங்கள். அப்போதும் அடங்காவிட்டால் அந்த அடியை மட்டும் இரு எழுத்திலும் மூன்றாக மடித்து, கீழே உள்ள பொருளை ஒரு வரி இறக்குங்கள்.